பெயர் சொல்லாமல் வெட்டிய காசு

1

போன செவ்வாய்க்கிழமை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பதற்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனிக்கு வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. இன்னும் அந்த அலுவலகத்தின் வரிசைச் சீட்டு கையில் வந்ததும் எண்ணை மூன்று முறை சரிபார்ப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு என் பேத்தியைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். கணினித் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"இரண்டு வருடங்களுக்கு முன்னால் உங்கள் அட்டை திருடு போயிருக்கிறது. பிறகு திரும்பக் கிடைத்திருக்கிறது. திருடன் பிடிபட்டானா?"

"திருடன் என்று யாரும் இல்லை. நான்தான் ஓரிடத்தில் மறந்து வைத்துவிட்டேன்."

"அப்படியானால் தொலைந்துபோனது என்றல்லவா பதிந்திருக்க வேண்டும்?"

"ஆமாம். இப்போது மாற்ற முடியுமா?"

அவள் இரண்டு மூன்று முறை எதையோ தட்டிப் பார்த்தாள். "முடியவில்லை. பழைய பதிவு, பூட்டியிருக்கிறது. கவலைப்படாதீர்கள், இதனால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

எனக்கு வராது. அவள் சொன்னது உண்மைதான். அந்தத் தொந்தரவு முழுவதும் சங்ககிரியில் வேறொருவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டிராமில் வீட்டுக்குத் திரும்பும்போது இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்திருப்பது தவறான கதை. அதைப் பரப்பியதில் முதல் ஆள் நான்.

2

அவனைப் பழனியப்பன் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயரை எழுத அவன் சம்மதிக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எனக்குக் கணக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. பத்தாவதோடு அவன் லாரியில் கிளீனராக ஏறினான். நான் சேலத்தில் படித்து, உலோகவியலில் பட்டம் வாங்கி, இங்கே ஓர் எஃகு ஆலையில் வேலை கிடைத்துப் புறப்பட்டேன். பம்பாய் போய் விமானம் பிடிக்க வேண்டும். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பழனியப்பன் அப்போது டிரைவராகியிருந்தான். "ஜவ்வரிசி லோடு பம்பாய்க்குத்தான் போவுது, ஏறிக்கடா மணி" என்றான். மூன்று நாள் அவன் லாரியில் போனேன். என் சான்றிதழ்கள் இருந்த ரெக்சின் பையை ராத்திரியில் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தவன் அவன். எனக்கு அந்த வயதில் தூக்கம் அதிகம்.

சில வருடங்களில் அவன் லாரியை விட்டு, ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினான். கோயமுத்தூர் விமான நிலையத்தில் நான் இறங்கும்போதெல்லாம் கம்பிக்கு வெளியே அவன் நிற்பான். பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பது அவனுடைய கேலி. அதில் என் பெயர் இருக்காது. "வெள்ளைக்காரத் தொரை" என்று எழுதியிருக்கும். என் மகள் நித்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். இப்போது அவளுக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவாள், அதுவும் கேட்டால்தான்.

3

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம், ஓர் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்காக ஊருக்கு வந்தேன். மனைவி இறந்தபின் தனியாக வந்த முதல் பயணம். பழனியப்பன் வந்து அழைத்துக்கொண்டான். பவானி தாண்டி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் காப்பி குடிக்க நிறுத்தச் சொன்னேன். அவன், "எனக்கு வேண்டாம், நீ போய்ட்டு வா, நான் வண்டிலயே இருக்கறேன்" என்றான். என் கோட்டு பின் சீட்டில் கிடந்தது. பர்ஸ் அந்தக் கோட்டில் இருந்ததாக நான் சத்தியம் செய்திருப்பேன்.

சங்ககிரியில் அக்கா வீட்டில் இறங்கிக் குளித்துவிட்டுக் கோட்டைத் தடவினால் பர்ஸ் இல்லை. வங்கி அட்டைகள் இரண்டு, ஓட்டுநர் உரிமம், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் குடியிருப்பு அட்டை. என்னுடையது இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான். அந்த அட்டை இல்லாமல் திரும்பிப் போகும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

முதலில் வங்கிக்குத் தொலைபேசினேன். ஜெர்மன் குரல் ஒன்று கேட்டது: தொலைந்திருந்தால் ஒன்றை அழுத்தவும், திருடப்பட்டிருந்தால் இரண்டை அழுத்தவும். நான் இரண்டை அழுத்தினேன். யோசிக்கவே இல்லை. நாற்பது வருடம் அந்த நாட்டில் எதையும் தொலைத்ததில்லை, ஊரில் இறங்கி மூன்று மணி நேரத்தில் போய்விட்டது என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். என் மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது. பத்திரமான நாடு, பத்திரமில்லாத ஊர். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் அதுவாக இருந்திருக்கிறது.

பழனியப்பனே வண்டியின் சீட்டைக் கழற்றிப் போட்டுத் தேடினான். மிதியடியை உதறினான். திரும்பவும் அந்த ஓட்டலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "அங்க யாரும் பாக்கலையாமாடா" என்றான். அவன் தேடிய வேகமே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. படித்தவனின் மூளை எதையும் சான்றாக மாற்றிவிடும்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் புகாரின் ரசீது வேண்டும். எழுத்தர் கேட்டார்.

"யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"

பழனியப்பன் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இல்லை" என்றேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

4

அக்காதான் சொன்னாள். "காசு வெட்டிப் போட்டுறலாம் சாமி. எட்டு நாள்ல பொருள் ஊடு தேடி வரும்."

எங்கள் பக்கத்தில் இருக்கும் வழக்கம் இது. பொருளைப் பறிகொடுத்தவர் குளித்து, ஈரத்துணியோடு கருப்பண்ணசாமி முன்னால் நின்று, ஒரு காசை உளி வைத்து இரண்டாக வெட்டிக் காலடியில் போட்டுவிட்டு வருவார். எடுத்தவன் குடும்பம் அந்தக் காசு போல ஆகட்டும் என்பது பொருள்.

எனக்கு அந்தச் சாமி மேல் நம்பிக்கை கிடையாது. பழனியப்பனுக்கு உண்டு. லாரி ஓட்டிய காலத்தில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்காதவன். அவன் கண் முன்னால் வெட்டினால் பயந்துபோய் பர்ஸை எங்கேயாவது வைத்துவிடுவான் என்று நினைத்தேன். இதை மழுப்பாமல் எழுத வேண்டும்: நான் கடவுளிடம் முறையிடப் போகவில்லை. ஒரு நண்பனின் பக்தியை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தப் போனேன். நானும் அக்காவும் போனதும் அவன் காரில்தான். வண்டியை ஓட்டியவன் அவன்.

எடப்பாடிப் பக்கம், வயல்களுக்கு நடுவே சின்னக் கோயில். நான் குளித்து ஈர வேட்டியோடு வந்து, கழற்றி வைத்திருந்த சட்டையின் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தேன். பூசாரி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இப்பத்த காசு வெட்டாதுங்க. உளிதான் மொண்ணையாவும். நம்மகிட்டச் செப்புக் காசு கெடக்குது, அத வாங்கிக்குங்க."

அது துருப்பிடிக்காத எஃகு என்று எனக்குத் தெரியாதா. அதில்தான் என் வாழ்க்கையே போனது. பேசாமல் செம்புக் காசை வாங்கிக்கொண்டேன்.

"பேரு சொல்லி வெட்டறீங்களா, சாமிகிட்ட உட்டுடறீங்களா?" என்று கேட்டார்.

"சாமிகிட்டயே விட்டுடறேன்."

மரக்கட்டையில் காசை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை. பழனியப்பனைப் பார்த்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. பயந்துவிட்டான் என்று எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. இரண்டாவது அடியில் காசு பிளந்தது.

வண்டியில் ஏறியதும் அவன் சொன்னான். "கவலப்படாதடா மணி. கெடைச்சுரும். உனக்காவ நானும் வேண்டிக்கிட்டேன்."

அவனுக்கு அதுவரை புரியவே இல்லை. பின் சீட்டிலிருந்து அக்கா பேசினாள்.

"எடுத்தவங்க எட்டு நாளைக்குள்ள கொண்டாந்து வெச்சுட்டா சாமி ஒண்ணும் பண்ணாது. தெரியாத்தனமா எடுத்திருந்தாலும் நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். அப்படித்தானே சாமி?"

சாமி என்றது என்னைத்தான். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பழனியப்பனின் பிடரியை. வண்டியின் வேகம் குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேகத்துக்கு வந்தது. கண்ணாடியில் அவன் கண்கள் என்னைத் தேடின.

அந்த நேரத்தில் நான், "என்னக்கா பேசற, யாரைச் சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ ராத்திரி படுக்கையில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தேன்.

அக்கா வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போனவன் மறுநாள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேறொரு வண்டியில் சென்னைக்கு அலைந்து, துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று, பயணத்துக்கான தற்காலிகத் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். ஊர் என்று எழுதிவிட்டேன். ஜெர்மனிக்கு.

5

ஆனி மாதம் என் தபால் பெட்டியில் ஒரு பொட்டலம் கிடந்தது. இந்தியத் தபால்தலைகள். முகவரி எழுதப்பட்டிருந்த விதம் விநோதமாக இருந்தது. தெருப் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே, குழந்தை படம் வரைவதுபோல வரையப்பட்டிருந்தன. உள்ளே என் பர்ஸ். எல்லாம் அப்படியே இருந்தது. கூடவே நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் ஒரு கடிதம்.

"அய்யா அவர்களுக்கு வணக்கம். நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர், ஊர் வெண்ணந்தூர் பக்கம். தை மாதம் பவானி தாண்டி ஓட்டலில் டீ குடிக்க நின்றோம். கை கழுவும் இடத்தில் கண்ணாடிக்கு மேல் பலகையில் உங்கள் பர்ஸ் இருந்தது. வெளியே ஓடி வந்து பார்த்தேன், ஆள் தெரியவில்லை. ஓட்டலில் கொடுக்க மனசு வரவில்லை. அதற்குள் எங்கள் வண்டி கிளம்பிவிட்டது. சத்தீஸ்கரில் போர் போட்டுவிட்டு இப்போதுதான் ஊர் வந்தோம். அட்டையின் பின்னால் இருந்த விலாசம் எங்களில் யாருக்கும் படிக்க வரவில்லை. பார்த்து அப்படியே வரைந்திருக்கிறேன். இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு மன்னிக்கவும். செல்வம்."

சமையலறையில் நின்றபடியே படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. முகம் கழுவக் குனிந்தால் சட்டைப் பையிலிருந்து விழுமே என்று பர்ஸை எடுத்துப் பலகையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். முகம் துடைத்ததும் மூக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பர்ஸ் கோட்டில் இருக்கவே இல்லை. நான் காப்பி குடித்து முடிக்கும்வரை பழனியப்பன் காரில் உட்கார்ந்து, வெறும் கோட்டுக்குக் காவல் இருந்திருக்கிறான்.

கடிதத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன்.

"வந்து சேர்ந்துருச்சுங்களா?" என்று செல்வம் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "டேய், போயிருச்சுடா, நான் வரைஞ்சது கரெக்ட்டுதான்!" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் நன்றி சொன்னேன். ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தன நாளா இதுக்காவ யாரையாச்சும் சந்தேகப்பட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

"நல்ல வேளைங்க. எனக்கு அதுதான் ஒறக்கமே இல்லாம இருந்துச்சு. நம்மாள ஒருத்தர் கெட்ட பேர் வாங்கக் கூடாதுங்களே."

அவரிடமும் பொய்தான் சொன்னேன்.

நித்யாவிடம் சொன்னபோது அவள் மகிழ்ச்சியில் என்னைக் கட்டிக்கொண்டாள். தன் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னாளாம், எங்கள் ஊர் மனிதர்கள் இப்படி என்று. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் "எங்கள் ஊர்" என்று சொல்லிக் கேட்டேன். "அந்த டிரைவர் மாமாவிடம் சொன்னீர்களா? அவர் தேடினார் இல்லையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். காசு வெட்டியதை அவளிடம் சொல்லவில்லை. எந்த மொழியில் சொல்வது என்று தெரியாததுபோல் எனக்கு நானே நடித்துக்கொண்டேன். எந்த மொழியிலும் சொல்லியிருக்கலாம்.

பழனியப்பனை அழைக்கத் துணிவில்லாமல் அக்காவை அழைத்தேன். இப்படி, ஒரு ரிக் வண்டிக்காரர் அனுப்பியிருக்கிறார் என்றேன்.

அக்கா உரக்கச் சொன்னாள். "பாத்தியா! காசு வெட்டினது வேலை செஞ்சுருச்சு. பயந்துகிட்டு போஸ்ட்ல போட்டுட்டான்."

"அக்கா, இது வேற ஆள். கடிதம் இருக்கு."

"கடுதாசி யாரு வேணா எழுதலாம் சாமி. லாரிக்காரனுக்கு ரிக் வண்டிக்காரனைத் தெரியாதா? ஆள வெச்சு எழுதியிருப்பான். போவட்டும் உடு, பொருள் வந்துருச்சில்ல."

அன்று சாயங்காலத்துக்குள் அது தெருவுக்கே தெரிந்திருக்கும். பர்ஸ் தொலைந்திருந்தவரை பழனியப்பன் மேல் இருந்தது சந்தேகம். அது திரும்பி வந்ததும் உறுதியாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டுக் காட்டிய நேர்மை, எங்கள் கையில் வந்ததும் இப்படி ஆயிற்று.

6

இந்த வருடம் மாசியில் மறுபடி ஊருக்கு வந்தேன். விமான நிலையத்தில் கம்பிக்கு வெளியே ஓட்டுநர்கள் பலர் பெயர் அட்டைகளோடு நின்றார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

பழனியப்பன் காரை விற்றிருந்தான். கல்யாண வீட்டுக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், நகை நட்டோடு போகிறவர்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. இப்போது ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டுக்குப் போனபோது ஆட்டோவின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்தான்.

"வாங்க" என்றான். "எப்ப வந்தீங்க? உக்காருங்க."

அறுபது வருடத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு வராத மரியாதை. அவன் மனைவி சரசு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தான். படித்து முடித்து, மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல மனுசன்" என்றான்.

"பழனி, நான் உன்னைத்தான் நினைச்சேன். அதுக்காகத்தான் வெட்டினேன். என்னை மன்னிச்சுடு."

"தெரியுமுங்க."

"கோயிலுக்குப் போகலாம். பூசாரியைக் கேட்டேன். வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் சேர்ந்து வந்து மஞ்சத் தண்ணி ஊத்தினா அது முறிஞ்சுடும்னார். அமாவாசையன்னைக்குக் கூட்டம் இருக்கும். எல்லார் முன்னாலயும் நான் சொல்றேன்."

 அவன் ஸ்பானரில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"உன் மேல சந்தேகப்பட்டு வெட்டினேன், அது தப்புன்னு."

"அன்னைக்கு நீங்க பேரு சொல்லலீங்க. சாமிகிட்ட உட்டுடறேன்னு சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். டேசன்லயும் எம் பேர எழுதிக் குடுக்கல. பேரே சொல்லாத வெட்டுக்கு நான் எதுக்கு வரோணும்? நான் வந்து தண்ணி ஊத்துனா, வெட்டு எனக்குத்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"நான் எல்லாருக்கும் எழுதிப் போடறேன். உன் பேரோட."

"பேர் போடாதீங்க. பேத்திக்கு மாப்பள பாத்துக்கிட்டு இருக்கறோம். இப்பத் தெரியாதவங்களும் தெரிஞ்சுக்குவாங்க."

நான் பெயர் சொல்லாமல் விட்டது அவனுக்குச் செய்த நல்லதென்று வெகுநாள் நினைத்திருந்தேன். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான், சத்தியம் செய்திருப்பான், ஊர் கூடிப் பேசியிருக்கும், எப்படியோ தீர்ந்திருக்கும். மறுக்கக்கூட இடமில்லாத ஒரு பழியை அவன் மேல் வைத்துவிட்டு நான் விமானம் ஏறியிருந்தேன். இப்போது அதை எடுக்கவும் இடமில்லை.

"அது கூடப் பரவால்லீங்க" என்றான். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு வெட்டிட்டு நீங்க ஊருக்குப் போன மாசமே பேரனுக்குக் காச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். மூணாம் நாளு, என்ற பொண்டாட்டி தனியாக் கூப்பிட்டு, 'நீங்க எடுக்கலதானே?'ன்னு கேட்டா. கலியாணம் ஆயி நாப்பத்தி அஞ்சு வருசம். எடுக்கலேன்னு சொன்னேன். நம்பிட்டா. ஆனாக் கேட்டுட்டாளுங்க."

 தண்ணீரைக் குடித்தேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவன் என் மகளைப் பற்றிக் கேட்டான், என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இருவரும் வேறு யாரோ இரண்டு பேரின் சௌக்கியத்தைப் பேசிக்கொள்வது போல இருந்தது.

எழுந்தேன்.

"ஒரு நிமிசம் நில்லுங்க" என்றான். "பாக்கெட்டப் பாத்துக்குங்க. எல்லாம் இருக்குதுங்களா?"

குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை.

"ஆட்டோல எறங்கறவங்க எல்லாத்துகிட்டயும் கேக்கறதுதானுங்க. கேக்காம யாரையும் உடறதில்ல."

"இருக்கு" என்றேன்.

"வாயில சொல்லாதீங்க. எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

சரசு வாசல்படிக்கு வந்து நின்றாள். நான் பர்ஸை எடுத்துத் திறந்து, ஒவ்வொரு அட்டையாக வெளியே இழுத்துப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளியே நின்றிருந்தான்.